பத்தாம் நாளோடு நின்றுபோகும் ஸ்கெட்ச் புக்

கேள்வி: தினமும் ஒரு படம் வரைந்து, அன்றைக்கு மனதில் பட்டதைப் பக்கத்திலேயே நாலு வரி எழுதிவைக்க ஆசை. இதோடு நான்காவது நோட்டு, ஒன்றுகூடப் பத்து நாளைத் தாண்டவில்லை. படம் கோணலாக வந்தால் கிழித்துவிடுகிறேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் கூச்சமாக இருக்கிறது, வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. எனக்கு இது சரிப்பட்டு வராதோ?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கிழிக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் மறுபக்கத்தில் பிடிப்பில்லாமல் ஆடும், கொஞ்ச நாளில் அதுவும் கழன்று விழும். நானே அப்படி ஒரு நோட்டைப் பாதியாக்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். லியனார்டோ டா வின்சி ஓவியம் பழகுகிறவர்களுக்கு எழுதிவைத்த யோசனைகளில் ஒன்று, ஒரு சின்ன நோட்டு எப்போதும் கூடவே இருக்கட்டும், அழிக்க வராதபடி அதன் தாளில் நிறம் பூசியிருக்கட்டும் என்பது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம், ரப்பரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு பால்பாயின்ட் பேனாவில் வரையுங்கள். அதற்குச் சாதாரண 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளே போதும். வாட்டர் கலர் என்று இறங்கினால்தான் 200, 300 என்று கெட்டித் தாள் வேண்டும். உசத்தியான நோட்டாக வாங்கினால் முதல் பக்கத்தைத் தொடவே கை நடுங்கும்.

படம் ஏன் கோணலாக வருகிறது? பெரும்பாலும் கை செய்கிற தப்பு இல்லை. மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, உட்கார்ந்தபடி வரைந்து பாருங்கள். வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோடாக இழுத்துவிடுவோம், ஏனென்றால் டம்ளர் தட்டையாக நிற்கிறது என்று நமக்குத் தெரியும். உண்மையில் அடியும் வளைவுதான், கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால் வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உருண்டு தெரியும். தெரிந்ததை வரையாமல் தெரிகிறதை வரையப் பழகுவதற்குத்தான் இந்த தினசரி வேலையெல்லாம். அதனால் கோணலான டம்ளர் அங்கேயே இருக்கட்டும், அடுத்த மாதம் இன்னொரு டம்ளர் வரையும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

சரி, எழுத்து விஷயம். கூச்சம் வருவதற்குக் காரணம், படத்தை ஒரு பக்கம் போட்டுவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் இன்னொரு பக்கம் தனியாக டைரி எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 'இன்று மனசு சரியில்லை' என்று எழுதினால் ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். வரைந்த பொருளிலிருந்தே வரியைத் தொடங்குங்கள். பிரெஞ்சு ஓவியர் டெலக்ரவா 1832இல் மொராக்கோ போனபோது, படங்களுக்குப் பக்கத்திலேயே இந்தத் துணி இன்ன நிறம் என்கிற மாதிரி குறிப்புகளைக் கிறுக்கிக்கொண்டே போனார். படமும் எழுத்தும் ஒரே கையெழுத்தாக ஓடும். என் நோட்டில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஒன்று இருக்கிறது, சுமாரான படம்தான். பக்கத்தில், 'ஒரு காம்பு நூலால் கட்டியிருக்கிறது. மாற்றலாம் என்றேன், நன்றாகத்தானே தெரிகிறது என்கிறார்' என்று இரண்டே வரி. அன்று எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலும் அக்கறையும் அந்த நூல் முடிச்சிலேயே இருக்கிறது, வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

இப்படி எழுதினால் பாதி பயம் தானாகப் போய்விடும், செருப்பையும் சாவிக்கொத்தையும் வரைந்த நோட்டை யார் துருவப்போகிறார்கள்? பூட்டி வைத்தால்தான் எட்டிப் பார்ப்பார்கள். அப்படியும் யார் கண்ணிலும் படக் கூடாத ஒன்றை எழுதினால், அந்த இரண்டு பக்கங்களின் ஓரத்தையும் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். (லியனார்டோ வலமிருந்து இடமாக எழுதியது ரகசியம் காக்கத்தான் என்பார்கள். இடது கைக்காரர், மை ஈஷாமல் இருக்க அப்படி எழுதினார் என்பது என் கட்சி.)

அப்புறம் இந்த 'தினமும்'. மூன்று நாள் விட்டுப்போனால் பழைய தேதி போட்டு நிரப்ப உட்காராதீர்கள், அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். இன்றைய தேதியைப் போட்டு, பத்து நிமிஷம், கையில் கிடைத்த ஒரு பொருள், அவ்வளவுதான்.

ஐந்தாவது நோட்டு வாங்க வேண்டாம். நாலாவதை எடுங்கள், கிழித்த இடத்தில் தையலோரமாகத் தாள் பிசிறு நின்றுகொண்டிருக்கும் இல்லையா, இன்றைக்கு அதையே வரையுங்கள்.