ஓர் உடல், பல "நான்": வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் தங்கை தன்னை "நாங்கள் ஒரு சிஸ்டம்" என்கிறாள். மனம் உடைந்துவிட்டதா? (குன்னூர்)

ஓர் உடலுக்குள் பல "நான்"கள் இருப்பதைத்தான் சிஸ்டம் என்கிறார்கள். ஒவ்வொரு "நானும்" ஓர் ஆல்ட்டர். உடைந்துபோனது என்று எண்ண வேண்டாம். ஒன்றுசேராமல் நின்றது என்பதே பொருத்தம். பிறக்கும்போது யாருக்கும் முழுதான "நான்" இருப்பதில்லை. பசி, பயம், பாசம் எனத் தனித்தனியாக இருக்கும் மனநிலைகள் சிறுவயதில் மெல்லக் கூடிவருகின்றன. அந்த வயதில் கொடுமை ஓயாமல் தொடர்ந்தால், அதிலும் அடிக்கிற கையே சோறும் ஊட்டினால், குழந்தையால் இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பகுதி பள்ளிக்கூடம் போகும், இன்னொன்று வலியைச் சுமக்கும், நடுவில் மறதி சுவராக நிற்கும். மருத்துவர்கள் பலரும் ஏற்கும் விளக்கம் இது. பிறர் சொல்லி மனதில் பதியும் எண்ணத்துக்கும் சூழலுக்கும் கூடுதல் பங்கு தருவோரும் உண்டு.

ட்ராமாஜெனிக், எண்டோஜெனிக் என்றால்? (ஊட்டி)

கொடுமையால் உருவானது ட்ராமாஜெனிக். அப்படியல்லாமல் அமைந்ததாகச் சொல்லப்படுவது எண்டோஜெனிக். பயிற்சியால் வேண்டுமென்றே உருவாக்குவது துல்பா. இவை சிஸ்டம்கள் தங்களுக்குள் வழங்கும் சொற்கள், நோயின் பெயர்கள் அல்ல. பல "நான்"களும் மறதியும் சேர்ந்து வருத்தும் நோய்க்கு மருத்துவத்தில் பன்முக ஆளுமைக் கோளாறு என்றிருந்த பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் விலகல் அடையாளக் கோளாறு என மாற்றியது. பலர் இதனோடு குழப்பிக்கொள்ளும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வேறு நோய்.

அத்தைக்குத் திருவிழாவில் அருள் வரும். அதுவும் இதுதானா? (கோத்தகிரி)

இல்லை. ஊர் ஏற்ற வழிபாட்டில் வந்து, அங்கேயே இறங்கிவிடுவதை உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் நோயாகக் கொள்வதில்லை. வீட்டில், கட்டுக்கடங்காமல், அவரை வருத்தும் வகையில் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பஸ் ஏறியது நினைவில்லை, இறங்கியது மட்டும் தெரிகிறது. (கூடலூர்)

இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், கடைசியாக நினைவிருப்பது, பையில் கிடந்த டிக்கெட் எல்லாவற்றையும் குறியுங்கள். உங்களுக்குள்ளும் மற்ற "நான்"கள் இருப்பதாகத் தோன்றினால், அவர்களும் எழுத அதிலேயே பக்கம் விடுங்கள். வலிப்பு, மது, மாத்திரையாலும் இப்படி நேரம் தொலையும் என்பதால் மருத்துவர் முதலில் அவற்றை விலக்குவார். மனம் நழுவுவது போலிருந்தால் குளிர்ந்த டம்ளரை இறுகப் பிடித்து, இன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தைல வாசனை பலருக்கு உதவும். அதுவே பழைய பயத்தைக் கிளறினால் விட்டுவிடுங்கள். பழைய நினைவுகளைத் தனியாகத் தோண்டாதீர்கள். பாதுகாப்பும் நிலைத்தன்மையும் வந்த பிறகே சிகிச்சையில் அதைத் தொடுவார்கள். தற்கொலை எண்ணம் வந்தால் காத்திருக்காமல் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் இலவசம்.