‘டயட்’ என்று சொன்னால்தான் வம்பு

கேள்வி: எனக்கு வயது 36. நாள்பட்ட ரத்தசோகைக்குக் காரணம் தேடப் போய், எட்டு மாதங்களுக்கு முன் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்கள் குடலைக் கெடுக்கும் நோய்) இருப்பது தெரிந்தது. எண்டோஸ்கோபி செய்து, குடல் திசுவை எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்கள். அன்றிலிருந்து கோதுமை, பார்லி எதையும் தொடுவதில்லை. வீட்டில் சிக்கல் இல்லை. விருந்து, விழா என்று போனால்தான் தொல்லை. “ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?” என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். போன மாதம் அலுவலகத்தில் ஒருவருடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். மறுக்க முடியாமல் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். ஒன்றுமே ஆகவில்லை. அதைக் கேட்ட என் கணவர், “அப்படின்னா இவ்வளவு கெடுபிடி எதுக்கு?” என்கிறார். இப்போதெல்லாம் யார் அழைத்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரியாமல் மற்ற எதைச் சொன்னாலும் பயனில்லை.

கேக் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். வயிறு வலிக்கவில்லை, வாந்தி வரவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். சரி, நோய் கண்டுபிடிப்பதற்கு முன்னால் உங்களுக்கு வயிறு வலித்ததா? நீங்கள் மருத்துவரிடம் போனது ரத்தசோகைக்காக. அதாவது, இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாத அளவுக்குக் குடல் சேதமாகிக்கொண்டிருந்தபோதும் வயிறு உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அப்போது வாய் திறக்காத வயிறு இப்போது மட்டும் உண்மையைச் சொல்லும் என்று எப்படி நம்புவது?

இந்த நோயுள்ள சிலருக்குக் கோதுமை சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்திலேயே குமட்டலும் வாந்தியும் வரும், நாலைந்து நாள் படுத்துவிடும். ஒருவிதத்தில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே நான் நினைப்பதுண்டு. தப்பு நடந்தால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், அடுத்த முறை யாரும் ஊட்டிவிடவும் மாட்டார்கள். உங்களைப் போல அறிகுறி காட்டாதவர்கள்தான் விருந்துகளில் தோற்றுப்போகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்று நுண்ணிய விரல்கள் போன்ற மடிப்புகள் இருக்கின்றன. உணவின் சத்தை இழுத்துக்கொள்வது அவைதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே வந்ததும், சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்குகிறது. விரல்கள் மழுங்கித் தட்டையாகிவிடுகின்றன. குளூட்டனை அடியோடு நிறுத்தினால் அவை திரும்ப வளரும், ஆனால் பெரியவர்களுக்கு அது மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். நீங்கள் எட்டாவது மாதத்தில் இருக்கிறீர்கள். புண் ஆறிவரும்போது அதன் பொருக்கை உரிக்கிற வேலைதான் அந்தக் கேக் துண்டு.

அளவையும் சொல்லிவிடுகிறேன். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் வராது என்று கருதப்படுகிறது. ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. அதை இருநூறாகப் பிய்த்தால் வருகிற ஒரு துணுக்குதான் உங்கள் ஒரு நாள் எல்லை. கேக்கில் ஒரு வாய் என்பது அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டிப் போய்விடும்.

(இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளும் எடையைக் குறைக்க முயல்பவர்களும் தங்களுக்கும் இதே விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணக்கு வேறு. விருந்தில் கொஞ்சம் கூடினால் அடுத்த வேளையில் குறைத்துச் சரிக்கட்டலாம், மருந்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். சீலியாக்கில் அப்படிக் கூட்டிக் கழிக்க வழியில்லை.)

உங்கள் சிக்கலில் பாதி, நீங்கள் மறுக்கும்போது பயன்படுத்தும் சொல்லில் இருக்கிறது என்பது என் கணிப்பு. “டயட்டில் இருக்கிறேன்” என்றுதான் சொல்கிறீர்கள், இல்லையா? அந்தச் சொல்லைக் கேட்டாலே எதிரில் இருப்பவருக்குக் கை துறுதுறுக்கும். டயட் என்றால் நீங்களாக விரும்பி ஏற்றுக்கொண்டது, ஒரு நாள் தளர்த்தினால் குற்றமில்லை, தளர்த்த வைப்பதுதான் அன்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அதையே “பத்தியம்” என்று சொல்லிப் பாருங்கள். பத்தியத்தில் இருப்பவரின் தட்டில் வம்புக்கு எதையும் வைக்க நம் ஆட்கள் யோசிப்பார்கள். அந்தப் பழைய சொல்லுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

அப்புறம் அடுத்த கேள்வி வரும்: “எத்தனை நாளைக்குப் பத்தியம்?” விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றுதானே எல்லாருக்கும் பழக்கம். “வாழ்நாள் முழுக்க. இந்த நோய்க்கு மாத்திரை கிடையாது, இந்தச் சாப்பாடுதான் மருந்து” என்று சொல்லுங்கள். இதில் மிகையே இல்லை. சீலியாக் நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இன்றுவரை புழக்கத்தில் இல்லை. குளூட்டனைச் செரிக்க வைக்கும் என்று விற்கப்படும் என்சைம் மாத்திரைகளை நம்பி விருந்துக்குப் போகாதீர்கள், அவை உங்களைக் காப்பாற்றாது.

கோதுமைதான் குற்றவாளி என்று தெரியவந்த கதையையும் உங்கள் கணவருக்குச் சொல்லலாம். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு, இந்த நோயுள்ள குழந்தைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லையோ என்ற சந்தேகம் 1930களிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடந்தபோது இந்தக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்தபோது நோயும் திரும்பியது. அதற்கு முன்பு இந்த நோயால் எத்தனையோ குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நீங்கள் வேண்டாம் என்று தள்ளி வைக்கும் ரொட்டிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, விருந்துக்கு வருவோம். மறுப்பதற்கு மோசமான நேரம், தட்டு கையில் இருக்கும் நேரம்தான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் கரண்டியோடு நிற்க, அங்கே வாதாடி ஜெயிக்க முடியாது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அழைத்தவருக்குப் போன் செய்யுங்கள். “கட்டாயம் வருகிறேன். எனக்குக் கோதுமை சேர்ந்த எதுவும் ஆகாது, ஒரு துளி பட்டாலும் குடல் கெடும். நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், இல்லையென்றால் கையில் கொண்டுவருகிறேன். நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், தப்பாக மட்டும் நினைக்காதீர்கள்.” இவ்வளவு போதும். அழைத்தவருக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டால், அன்றைக்கு வற்புறுத்துபவர்களை அவரே தடுத்துவிடுவார்.

எதில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கும்போது, “இதில் குளூட்டன் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். பலருக்கு அந்தப் பெயரே தெரியாது, தெரியாததற்கு “இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். சமைத்தவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சில்தான் சூப் கெட்டியாக வர ஒரு கரண்டி மைதா, வறுவல் மொறுமொறுப்பாக ரொட்டித் தூள், நிறத்துக்குச் சோயா சாஸ் எல்லாம் வெளியே வரும். வழக்கமான சோயா சாஸில் கோதுமை இருக்கிறது. ரவையும் கோதுமைதான். மால்ட் என்று பெயர் வந்தால் பெரும்பாலும் பார்லி. பீரும் அதனால்தான் ஆகாது.

பொருளை விடவும் எனக்குப் பயம் தருவது கரண்டிதான். அடுத்த விருந்தில், வரிசையாகப் பாத்திரங்கள் வைத்திருக்கும் மேசைக்கருகே ஐந்து நிமிடம் நின்று வேடிக்கை பாருங்கள். முதல் ஆள் நூடுல்ஸ் கரண்டியாலேயே பக்கத்தில் இருக்கும் சோற்றையும் அள்ளுவார். இரண்டாமவர் ரொட்டியைப் பிய்த்த விரலோடு சாலட் கிண்ணத்தில் கை வைப்பார். ஒரு குழந்தை பிஸ்கட்டைச் சட்டினிக் கிண்ணத்தில் தோய்த்து, பாதியை அதிலேயே விட்டுவிட்டுப் போகும். வெண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தால் ரொட்டித் துகள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். சோறும் சாலட்டும் வெண்ணெயும் உங்களுக்கு ஆகும் பொருள்கள்தான். அரை மணி நேரத்தில் எதுவும் ஆகாததாகிவிடும். அதனால் சாப்பிடுவதானால் முதல் ஆளாகச் சாப்பிடுங்கள். அதை விட நல்லது, உள்ளே அடுப்படியில் இன்னும் கரண்டி படாத பாத்திரத்திலிருந்து உங்களுக்கு மட்டும் முன்னாலேயே எடுத்து மூடி வைக்கச் சொல்வது.

பொரித்தால் சரியாகிவிடும், கொதித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூட்டில் சாவதற்குக் குளூட்டன் கிருமி இல்லை. மாவு தோய்த்துப் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கு வறுத்தால் அந்த உருளைக்கிழங்கும் ஆகாது. கை துடைக்கும் சானிடைசராலும் அது போகாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

இதையெல்லாம் அறிவாளி மாதிரி எழுதுகிறேனே தவிர, நானே கோட்டை விட்டிருக்கிறேன். சீலியாக் உள்ள ஒரு நண்பர் என் வீட்டுக்கு வந்தபோது, அவருக்கென்று குளூட்டன் இல்லாத பாஸ்தா வாங்கி, தனிப் பாத்திரத்தில், தனித் தண்ணீரில் வேகவைத்தேன். ரொம்பப் பெருமை எனக்கு. கடைசியில் வடிகட்டியது எங்கள் எல்லாருக்குமான கோதுமைப் பாஸ்தாவை வடிகட்டிய அதே வடிகட்டியில். கழுவாமல்! ஓட்டைகளில் வெள்ளையாகப் பிசுக்கு ஒட்டியிருந்ததை நண்பர்தான் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு, பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தார். மருத்துவனான என் வீட்டுக்கு வரும்போதே டப்பா கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள், அதுதான் அனுபவம்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது இன்னொன்றும் உண்டு. “உனக்காகவே தனியாகச் செய்தேன்” என்று ஒருவர் ஆசையோடு நீட்டுவதுதான் இருப்பதிலேயே கடினமான சோதனை. வற்புறுத்துபவரிடம் கறாராக இருக்கலாம், பாசத்திடம் எப்படி இருப்பது? முதலில் மனதார நன்றி சொல்லுங்கள். பிறகு எப்படிச் செய்தார், எதில் செய்தார் என்று கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் சாப்பிடாதீர்கள். “நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமம் எனக்குத் தெரிகிறது, இந்த நோய்தான் என்னை விடமாட்டேன் என்கிறது” என்று பழியை நோயின் மேல் போட்டுவிடுங்கள். ஒரு நாள் அவர் முகம் வாடும். அடுத்த முறை வடிகட்டியையும் கழுவி வைத்திருப்பார். நான் வைத்திருந்தேன்.

போகாமலே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்த உணவுமுறை சில மாதக் காரியமென்றால் ஒளிந்துகொள்ளலாம். வாழ்நாள் முழுக்க ஒளிய முடியாது. ஆட்களை விட்டு விலகிப் போகிறவர்கள் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் உணவுமுறையையே கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, போங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியோடு போனால் மன உறுதி பாதி வழியிலேயே கழன்றுகொள்ளும். உள்ளே நுழைந்ததும் ஒரு டம்ளர் பழச்சாறோ தண்ணீரோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் “சாப்பிடலையா?” என்ற கேள்வி வெறுங்கையோடு நிற்பவரைத்தான் தேடி வரும். நாலு பேருக்கு ஆகும்படி நீங்களே ஒரு பண்டம் செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது, உங்கள் பங்கை மட்டும் எல்லாருக்கும் முன்னால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் தவறும். தவறினால் வாந்தி எடுக்க முயல வேண்டாம். வயிற்றுப்போக்கு இருந்தால் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடியுங்கள். அடுத்த வேளையிலிருந்து பழையபடி பத்தியம். “கெட்டது கெட்டாச்சு, இன்றைக்கு முழுக்கச் சாப்பிட்டுக்கொள்வோம்” என்ற நினைப்பு வேண்டவே வேண்டாம். வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, தலைசுற்றி விழப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் (இந்த நோயில் நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் புரதம்) அளவு குறைந்து வந்தால் அது நல்ல செய்திதான். அதை மட்டும் வைத்து, எப்போதோ சாப்பிட்ட கேக் ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அவ்வப்போது நடக்கும் சிறு தவறுகளை அந்தப் பரிசோதனை பல நேரம் காட்டிக்கொடுக்காது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். உங்கள் திசுப் பரிசோதனை அறிக்கையை அவர் முன்னால் வைத்து விளக்கச் சொல்லுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்புண்டு, அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு முறை பரிசோதிப்பது நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பரிசோதனை முடியும்வரை அவர்கள் வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்னாலேயே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடலாம்.