ஐரோப்பிய ஃபண்ட் விதி மாறப்போகிறதாம்; மகள் அந்த வேலையில் சேரலாமா?

கேள்வி: மகள் பி.காம் முடித்திருக்கிறாள். ஐரோப்பிய ஃபண்ட் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் சென்னை அலுவலகத்தில் ‘எஸ்எஃப்டிஆர் ரிப்போர்ட்டிங்’ பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தையே மாற்றுகிறார்கள் என்கிறார்களே, சேர்ந்த பிறகு வேலை போய்விட்டால்?

சேரட்டும் அம்மா. ஆனால் ஆஃபரை ஒப்புக்கொள்ளும் முன் ஹெச்ஆரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: டெம்ப்ளேட் (இந்த விதிக்கான அறிக்கைப் படிவம்) நிரப்புவது மட்டும்தானா, ஃபண்ட் ரெஜிஸ்ட்ரேஷனும் (வேறு நாட்டில் விற்க ஃபண்டைப் பதிவு செய்வது) உண்டா?

நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. எஸ்எஃப்டிஆர் என்பது ஃபண்டுகள் சுற்றுச்சூழல், சமூக விஷயங்களில் என்ன செய்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்ல வைக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி; 2021 மார்ச் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்டிகிள் 8 (சுற்றுச்சூழல், சமூக அம்சங்களை முன்னிறுத்தும் ஃபண்ட்), 9 (அவற்றுக்கு உதவும் முதலீட்டையே நோக்கமாகக் கொண்ட ஃபண்ட்) என்ற இப்போதைய பிரிவினைக்குப் பதிலாக சஸ்டெய்னபிள் (ஏற்கெனவே நிலைத்தன்மை கொண்டவை), டிரான்சிஷன் (அதை நோக்கி மாறிவருபவை), ஈஎஸ்ஜி பேசிக்ஸ் (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றையும் கணக்கில் எடுப்பவை) என மூன்று வகை கொண்டுவர ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பர் 20-ல் முன்மொழிந்தது. முதலீட்டில் குறைந்தது 70% அந்தந்த வகைக்குப் பொருந்த வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் கம்பெனி அளவில் வெளியிடும் பாதிப்பு அறிக்கையும் (முதலீடுகளால் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் வரும் பாதகம் பற்றியது) போய்விடும். ஆனால் இது முன்மொழிவுதான். ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் கவுன்சிலும் ஒப்புக்கொண்டு அமலுக்கு வரும்வரை பழைய விதிதான். வந்துவிட்டால் ஒவ்வொரு ஃபண்டையும் மறுபடி வகைப்படுத்தி, பிராஸ்பெக்டஸை (முதலீட்டாளருக்கான விளக்க ஆவணம்) திருத்தி எழுத வேண்டும். அந்த நேரத்தில் ஆள் தேவை கூடவே செய்யும். அதன் பிறகு சுருங்குவது வெறும் காப்பி-பேஸ்ட் வேலை.

புதிதாகச் சேர்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆர்டிகிள் 8 ஃபண்டுக்கு அனெக்ஸ் (விதியின் இணைப்பில் உள்ள படிவம்) 2 என்பது முதலீட்டாளருக்கு முன்கூட்டியே தரும் வாக்குறுதி. அனெக்ஸ் 4 என்பது ஆண்டு முடிவில் உண்மையில் நடந்தது. நிலைத்தன்மை சார்ந்த முதலீடு முதலாவதில் ‘குறைந்தது 20%’ என்று இருக்கும், இரண்டாவதில் 34% வரலாம். அந்த 20-ஐ அப்படியே இரண்டாவதிலும் ஒட்டிவிடுவார்கள். எண் தப்பாகத் தெரியாது, அதனால் ரிவ்யூவிலும் நழுவிவிடும்; ஆடிட்டர்தான் பிடிப்பார்.

ஃபண்ட் பெயருக்கும் கெடுபிடி வந்துவிட்டது. ‘சஸ்டெய்னபிள்’ என்று பெயர் வைத்தால் 80% முதலீடு அதற்கேற்ப இருக்க வேண்டும். வருவாயில் 1% நிலக்கரியிலிருந்து, அல்லது 10% எண்ணெயிலிருந்து வரும் கம்பெனிகளை வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பிய பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மாவின் இந்த வழிகாட்டுதல் பழைய ஃபண்டுகளுக்கு 2025 மே 21 முதல் பொருந்துகிறது.

என் கணிப்பில் நீடித்து நிற்பது ரெஜிஸ்ட்ரேஷன் பக்கம். லக்சம்பர்க்கில் உள்ள யூசிட்ஸ் ஃபண்டை (பொதுமக்களுக்கும் விற்கக்கூடிய ஐரோப்பிய ஃபண்ட் வகை) ஜெர்மனியில் விற்க, கோப்பு முதலில் போவது லக்சம்பர்க்கின் நிதிக் கண்காணிப்பு ஆணையமான சிஎஸ்எஸ்எஃப்-க்கு, ஜெர்மன் ஆணையமான பாஃபினுக்கு அல்ல. முழுமையான கோப்பு கிடைத்த 10 வேலை நாளுக்குள் அவர்கள் அதை ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். ‘முழுமையான’ என்பதில்தான் சிக்கல். பிராஸ்பெக்டஸில் உள்ள ஷேர் கிளாஸ் (ஒரே ஃபண்டின் யூனிட் பிரிவு) பெயரில் ‘ஹெட்ஜ்டு’ (நாணய மாற்று ஆபத்திலிருந்து பாதுகாக்கப்பட்டது) இருந்து, ஜெர்மன் மொழி கேஐடியில் (முதலீட்டாளருக்கான முக்கியத் தகவல் சுருக்கம்) அது விடுபட்டிருந்தால் கேள்வி வரும், நாள் கணக்கு தொடங்காது, விற்பனைத் தேதி தள்ளிப்போகும்.

ஏஐஎஃப் வகையில் (யூசிட்ஸ் அல்லாத மாற்று முதலீட்டு ஃபண்டுகள்) ப்ரீ-மார்க்கெட்டிங், அதாவது விற்பனைக்கு முன் தொழில்முறை முதலீட்டாளர்களின் ஆர்வத்தைச் சோதிப்பது, தொடங்கினால் இரண்டு வாரத்துக்குள் சொந்த நாட்டு ஆணையத்துக்குக் கடிதம் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் சேல்ஸ்காரர் யாருக்காவது சந்தா படிவத்தை அனுப்பிவிட்டால் விதிமீறல். ப்ரீ-மார்க்கெட்டிங் தொடங்கிய 18 மாதத்துக்குள் அந்த நாட்டில் அந்த ஃபண்டுக்கு வரும் முதலீடு, ‘அவராகவே தேடி வந்தார்’ என்று சொன்னாலும், மார்க்கெட்டிங்கால் வந்ததாகவே கணக்கு. ஒரு நாட்டில் விற்பனையை நிறுத்தி விலகிக்கொண்டால் அங்கே அதே ஃபண்டுக்கு 36 மாதம் ப்ரீ-மார்க்கெட்டிங் கிடையாது. இந்தத் தேதிகளை நாடுவாரியாக டிராக்கரில் பிசகாமல் வைத்திருப்பவரை எந்த டீமும் லேசில் விடாது.

சேர்வதற்கு முன் எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்ட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களுக்கான யூர்-லெக்ஸ் தளத்தில், இந்த அனெக்ஸ்கள் அடங்கிய 2022/1288 விதிமுறை இலவசமாகக் கிடைக்கும். ஏதாவது ஒரு ஆர்டிகிள் 8 ஃபண்டின் அனெக்ஸ் 2, 4 இரண்டையும் அந்த கம்பெனி தளத்திலிருந்து எடுத்து, எக்செலில் கேள்விக்குக் கேள்வி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நான்கைந்து ஃபண்டுக்கு இப்படிச் செய்தாலே வேலையில் சேரும்போது பேச விஷயம் இருக்கும். சான்றிதழ் படிப்பை ஓராண்டு வேலை பார்த்த பிறகு யோசிக்கலாம். பல இடங்களில் கம்பெனியே கட்டணத்தைத் தந்துவிடும்.

லக்சம்பர்க் நேரம் நமக்கு கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்தங்கியது. வேலை முடிய இரவாகும் என்பதால் வண்டி வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் கணக்கு முடிக்கும் யூசிட்ஸ் ஃபண்டுகளின் ஆண்டறிக்கை ஏப்ரல் கடைசிக்குள் வர வேண்டும்; வீட்டில் விசேஷம் ஏதாவது இருந்தால் மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளாதீர்கள், லீவு கிடைப்பது கஷ்டம்.