வாசகர் கேள்வி பதில்: அச்சகத்துக்கு இணையத்தில் ஓடர் எடுக்கும் மென்பொருள்

கேள்வி: திருகோணமலை நகருக்குள் நானும் தம்பியும் அச்சகம் நடத்துகிறோம். ஓப்செட் ஒன்று, டிஜிட்டல் மெஷின் ஒன்று. கலியாண அழைப்பிதழ், 31ஆம் நாள் நினைவு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு மெனு என்று எல்லாம் செய்கிறோம். ஓடர் முழுக்க வட்ஸ்அப்பில்தான் வருகிறது, கடைசியாகத் திருத்தியது எது என்று தேடியே பாதி நாள் போய்விடும். வாடிக்கையாளர் தானே டிசைனைத் தெரிவுசெய்து, பெயரை மாற்றி, ஓடர் போடுகிற மென்பொருள் ஒன்றைக் கொழும்பில் காட்டினார்கள். பார்க்க நல்ல வடிவாக இருக்கிறது. எடுக்கலாமா?
- அச்சக உரிமையாளர், திருகோணமலை

பதில்: இன்னும் காசு கட்டவில்லைதானே? நல்லது. முகப்பு வடிவாக இருப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு வாடிக்கையாளர் ஓடர் போட்டு முடித்த பிறகு உங்கள் மெஷினுக்கு என்ன பிடிஎஃப் வந்து சேர்கிறதோ, அந்தக் கோப்பைத் தரச்சொல்லிக் கேளுங்கள். அதுவும் அவர்கள் வைத்திருக்கும் ஆங்கில விசிட்டிங் காட் வேண்டாம், நீங்களே ஒரு தமிழ் அழைப்பிதழை அதில் அடித்து எடுங்கள்.

ஏன் இதையே முதலில் சொல்கிறேன் என்றால், திரையில் தமிழைச் சரியாகக் காட்டுவது உங்கள் பிரவுசர், பிடிஎஃப்பை உருவாக்குவது பெரும்பாலும் அவர்களுடைய சேர்வரில் இருக்கும் வேறொரு நிரல், அந்த நிரலுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாவிட்டால் திரையில் ஒழுங்காக இருந்த "கோணேஸ்வரர்" கோப்பில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று வந்து நிற்கும். யூனிகோட்டில் "கொ" என்பது ககரமும் அதன் பின்னால் ஓர் உயிர்க்குறியுமாகத்தான் சேமிக்கப்படுகிறது, அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைப்பது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. கு, டு, லூ போன்றவையும் அப்படித்தான் உருமாறுகின்றன. அதனால் சோதிக்கும்போது ஸ்ரீ, கௌரி, ஷண்முகம், கொழும்பு, மூதூர் எல்லாம் வருகிற மாதிரி நாலு வரி அடியுங்கள். மூன்று மொழியிலும் வேலை வருகிற ஊர் நம்முடையது, ஆகவே சிங்களத்தில் "ஸ்ரீ லங்கா" என்றும் ஒரு வரி போடுங்கள். அந்தக் கூட்டெழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஒன்று இருக்கிறது, சில நிரல்கள் அதை வெட்டிவிடும், எழுத்து பிரிந்துவிடும்.

இன்னொன்று பாமினி, யூனிகோட் வருவதற்கு முந்திய முறையில் செய்த பழைய தமிழ் எழுத்துரு. உங்கள் பழைய டிசைன்களில் முக்கால்வாசி பாமினியில்தான் இருக்கும், ஆனால் வாடிக்கையாளர் கைபேசியில் அடிப்பது யூனிகோட். இரண்டும் ஒரே டெம்பிளேட்டில் ஒத்துப்போகாது. ஆகவே இணையத்தில் வைக்கப்போகிற டெம்பிளேட்டுகளை யூனிகோட் எழுத்துருவில் திரும்பச் செய்ய வேண்டும், இதற்கு ஆகும் நேரத்தை விற்பவர் கணக்கில் சொல்லமாட்டார், நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல இலவச உரிமத்தில் கிடைப்பவற்றில் தொடங்கலாம். வேறு எழுத்துரு என்றால் சேர்வரில் ஏற்றிப் பாவிக்க உரிமம் விடுகிறதா என்று பாருங்கள்.

எழுத்து சரியாக வந்தால் அடுத்தது விலை. ஓப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே விழுந்துவிடும், 500 அடிப்பதற்கும் 1000 அடிப்பதற்கும் மொத்தக் காசில் பெரிய வித்தியாசம் இராது, டிஜிட்டலில் தாளுக்குத் தாள் கணக்கு. சாதாரண இணையக்கடை நிரலில் ஒரு பொருளுக்கு ஒரு விலை, அதை எண்ணிக்கையால் பெருக்குவது, அவ்வளவுதான். உங்களுக்கு அது போதாது. எண்ணிக்கைப் படிகள், 80 கிராம் தாளா 300 கிராம் ஆர்ட் போர்டா, ஒரு பக்கமா இரு பக்கமா, லமினேஷன் உண்டா என்று எல்லாம் சேர்ந்து விலை மாற வேண்டும், அதோடு தாள் விலை ஏறினால் ஒரே இடத்தில் மாற்றி எல்லாப் பொருளுக்கும் பரவ வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து சில கிழமைக்குள் 360ஐத் தாண்டியது. அந்த நேரம் விலைப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி இருந்தால் கடையை மூடிவிட்டுத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதே காரணத்துக்காகத்தான் மாதாமாதம் டொலரில் கட்டுகிற சேவைகளில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பிரஸ்ஸெரோ, எக்ஸ்எம்பை, ஒன்பிரிண்ட்ஷொப் எல்லாம் அச்சகத்துக்கென்றே செய்தவை, வேலை தெரிந்தவர்கள் செய்தவை. பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனிக் கடை திறந்துகொடுக்கிற அளவுக்கு வேலை இருந்தால் அவற்றைப் பார்க்கலாம். நீங்கள் சொல்கிற அளவுக்கு, வேர்ட்பிரஸ் தளத்தில் ஓடுகிற, இலவசமாகக் கிடைக்கும் இணையக்கடை நிரலான வூகொமர்ஸில் கடையைப் போட்டு, டிசைன் மாற்றும் பிளகின் ஒன்றை மேலே சேர்ப்பதே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் பிளகினுக்கும் அதே தமிழ்ச் சோதனை. அதோடு பராமரிக்க ஆள் வேண்டும். ஊரிலேயே வேர்ட்பிரஸ் தெரிந்த பிள்ளை ஒருவரிடம் மாதச் சம்பளம் பேசிவிடுங்கள்.

இனி, உங்கள் உண்மையான தலையிடிக்கு வருவோம், கடைசித் திருத்தம் எது என்பது. இதற்கு மென்பொருள் நிச்சயம் உதவும், நான் இதை வாங்கச் சொல்வதே இதற்காகத்தான். வாடிக்கையாளர் புரூப்பை, அதாவது அடிக்கமுன் காட்டுகிற மாதிரிப் பிரதியை, பார்த்து "சரி" என்று அழுத்தினால் எந்தப் பிரதிக்கு, எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு அழுத்தினார் என்று பதிவாக வேண்டும், அப்புறம் அந்தப் பிரதியில் யாரும் கைவைக்கக் கூடாது. அழைப்பிதழில் முகூர்த்த நேரம் பிழைத்தால், நினைவு மலரில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டால், அது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய மனவருத்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நினைவு மலருக்குக் கனடாவில் ஒரு மகன், லண்டனில் ஒரு மகள், இங்கே ஒரு அண்ணன் என்று மூன்று பேர் திருத்தம் சொல்வார்கள். அப்படியான வேலையில் இறுதியாகச் சம்மதம் சொல்பவர் ஒருவர்தான் என்று ஓடர் போடும்போதே பெயரைக் கேட்டு வாங்குகிற வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் படிவத்தில் ஒரு பெட்டி சேர்க்கச் சொல்லுங்கள்.

காசு விஷயத்தில், பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டணச் சேவை இணைய வேண்டும், பாதி முற்பணம் எடுக்க முடிய வேண்டும், வங்கிச் சிட்டையைப் படமெடுத்து ஏற்றவும் இடம் இருக்க வேண்டும். மெனு, பில் புத்தகம் போலத் திரும்பத் திரும்ப வருகிற வேலைகளை முதலில் ஏற்றுங்கள், நினைவு மலர் பிறகு. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரருக்குச் சீசன் தொடங்கமுன் போன வருட மெனுவை ஒரு அழுத்தில் திரும்ப ஓடர் பண்ண முடிந்தால் அவர்கள் வேறு இடம் தேடமாட்டார்கள். ஒப்பந்தத்தில் டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும், டெம்பிளேட்டும் வாடிக்கையாளர் பட்டியலும் கேட்ட நேரம் வெளியே எடுக்கக் கூடியதாக இருக்கட்டும். பள்ளிக்கூட அடையாள அட்டை செய்தால் பிள்ளைகளின் படமும் விவரமும் அந்தச் சேர்வரில் கிடக்கும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வேலை முடிந்ததும் அழிக்க வழி கேளுங்கள்.

கேள்வி: வட்ஸ்அப்பில் வருகிற படம் அச்சில் மங்கலாக வருகிறதே, மென்பொருள் அதைச் சரியாக்குமா?
- வாசகி, கிண்ணியா

பதில்: ஆக்காது, தங்கச்சி. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், போன விவரம் திரும்ப வராது. டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும். இணையக்கடை என்றால் படம் ஏற்றும்போதே அளவைப் பார்த்து எச்சரிக்க வேண்டும்: ஏ4 முழுப்பக்கத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல் தேவை. தூரத்தில் இருந்து பார்க்கிற ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு வேண்டாம்.

கேள்வி: கன்வாவில் செய்து கொண்டுவருகிற டிசைனை ஏற்கலாமா?
- வாசகர், மூதூர்

பதில்: தாராளமாக. அச்சுக்கான பிடிஎஃப் ஆக எடுத்து, ஓரத்தில் 3 மில்லிமீற்றர் வெட்டு இடம் விட்டுத் தரச்சொல்லுங்கள். இலவசக் கணக்கில் நிறம் திரைக்கான ஆர்ஜிபியில்தான் வரும், அச்சு மைக்கான சிஎம்வைகே காசு கட்டியவர்களுக்கே. திரையில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் தாளில் அடங்கிப்போகும் என்று அடிக்கமுன் ஒரு தாள் எடுத்துக் காட்டிவிடுங்கள்.