ஒரே பெயரில் இரண்டு பேர்: வடாற்காட்டிலிருந்து சில உதாரணங்கள்

கேள்வி: ஒரே பெயரைக் கொண்ட வெவ்வேறு பிரபலங்கள் யார் யார்? உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி யாராவது உண்டா?

வேலூரில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வதென்றால் ஐடா ஸ்கடரில்தான் தொடங்க வேண்டும். அந்தப் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் பெண் மருத்துவர்கள், ஒரே குடும்பம், ஒரே ஆஸ்பத்திரி.

எல்லோருக்கும் தெரிந்தவர் சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா சோஃபியா ஸ்கடர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்கடரும் டாக்டர்தான். ஆனால் அந்தத் தொழிலுக்கு வரும் எண்ணமே இந்தப் பெண்ணுக்கு இருக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. அப்பா உடனே கிளம்பத் தயாராக இருந்தார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேருமே திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிவதற்குள் அந்தப் பெண்கள் மூவரும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். வீட்டில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பித்து, 1902இல் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினார். 1960இல் கொடைக்கானலில் காலமானார். சி.எம்.சி. இருக்கும் சாலைக்கே இன்று அவர் பெயர்தான்.

இன்னொருவர் ஐடா பெல் ஸ்கடர். முன்னவர் இவருக்கு அத்தை. கதிரியல் (ரேடியாலஜி) படித்துவிட்டு வேலூருக்கு வந்தார். எக்ஸ்ரே, புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை இரண்டும் இந்த ஆஸ்பத்திரியில் வேரூன்றக் காரணமாக இருந்தவர் இவர். அத்தையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இவரை ‘டாக்டர் ஐடா பி.’ என்றே எல்லோரும் அழைத்தார்கள். இங்குள்ள ‘ஐடா பி. ஸ்கடர் புற்றுநோய் மையத்தின்’ பெயரில் உள்ள அந்த ‘பி’ இவரைக் குறிப்பதுதான்.

என் பெரியம்மாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்த நாட்களில் நான்தான் துணைக்குப் போய்வந்தேன். காத்திருக்கும் இடத்தில் பாதிப்பேர் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். வெளியே கடைப் பலகைகளே வங்காளியில்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தன் மனைவிக்கு ஆறுதலாக, “இந்த ஆஸ்பத்திரியைக் கட்டின அம்மா பேருதான் இதுக்கும் வெச்சிருக்காங்க, பயப்படாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “இல்லீங்க ஐயா, இது அவங்க அண்ணன் மகள் முறை. இந்தக் கதிர் வைத்தியத்தை இங்கே வளர்த்ததே இவங்கதான்” என்றேன். அந்த அம்மா நிமிர்ந்து, “அப்படியா? அவங்களும் டாக்டரா?” என்று ஆர்வமாகக் கேட்டார். அத்தைக்குக் கிடைத்த புகழில் நான் ஒரு துளியும் குறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது ஐடாவுக்கும்தான். பெயர் ஒன்றாகப் போனதால் அது அத்தை கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

அதே குடும்பத்தில் ஜான் ஸ்கடரும் இரண்டு பேர். தாத்தா ஜான் (1793–1855) அமெரிக்காவிலிருந்து முதலில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு சென்னைக்கு வந்த மருத்துவ மிஷனரி. ஐடாவின் அப்பா ஜான் அவருடைய மகன். தாத்தா செய்ததை அப்பா பெயரில் எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். படிக்கும்போது ஆண்டைப் பார்த்தால் போதும், யார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஆற்காடு. ‘திப்பு’ என்றால் எல்லோருக்கும் மைசூர்ப் புலிதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் போனது எங்கள் ஆற்காட்டிலிருந்துதான். திப்பு மஸ்தான் ஔலியா என்ற சூஃபி ஞானி இங்கே அடக்கமாகியிருக்கிறார். ஹைதர் அலிக்கும் அவர் மனைவிக்கும் இந்த ஔலியா மேல் பெரிய பக்தி. 1750 வாக்கில் தேவனஹள்ளியில் பிறந்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஹைதரின் அப்பா ஃபதே முகமது ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபிடம் வேலை பார்த்தவர். அதனால் அந்தக் குடும்பத்துக்கு ஆற்காடு முன்பே தெரிந்த ஊர். திப்புவுக்கு ஃபதே அலி என்றும் ஒரு பெயர் உண்டு. அது தாத்தாவை நினைத்து வைத்தது. ஆக ஒரே பிள்ளைக்கு ஒரு பெயர் ஞானியிடமிருந்து, இன்னொன்று பாட்டனிடமிருந்து.

ஆற்காட்டில் ஆட்டோ ஏறி “திப்பு மஸ்தான் தர்கா போகணும்” என்று சொல்லிப் பாருங்கள். “திப்பு சுல்தான் சமாதி தானே சார், ஏறுங்க” என்று சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சுல்தானின் சமாதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில், அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆற்காட்டில் இருப்பவர் யுத்தம் எதையும் நடத்தவில்லை, நாடு எதையும் ஆளவில்லை. ஆனாலும் அவரைத் தேடி இந்துக்களும் முஸ்லிம்களும் பிள்ளை வரம் கேட்டும், நோய் தீரவும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஓர் அரசன் அவர் பெயரைச் சுமந்தான் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதில் என்னை உலுக்கும் விஷயம் வேறொன்று. 1780இல் ஹைதர் படையோடு வந்து ஆற்காட்டைப் பிடித்தார். 1782 டிசம்பரில் சித்தூர் அருகே முகாமிலேயே இறந்துபோனார். அந்தச் சித்தூர்தான் பிற்பாடு, 1911 வரை, வடாற்காட்டுக்குத் தலைநகராக இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்டதும், அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து அடைத்தது வேலூர்க் கோட்டையில். எந்த ஞானியின் பெயரை வைத்தார்களோ, அவருடைய தர்காவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரம். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டைக்குள் ஹைதர் மஹால், திப்பு மஹால் என்ற பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

அதே கோட்டையில் இன்னொரு மன்னரும் சிறையிருந்தார்: கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ராஜசிங்கன் என்று மட்டும் சொன்னால் இலங்கைக்காரர்களே “எந்த ராஜசிங்கன்?” என்று கேட்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கையை ஆண்டவர் ஒருவர். 1638இல் கன்னொறுவையில் போர்த்துகீசியரைத் தோற்கடித்தவர் இரண்டாம் ராஜசிங்கன். அப்புறம் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன். நம் காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னனுக்கும் ராஜசிம்மன் என்றுதான் பட்டம். வேலூருக்கு வந்தவருக்கு இயற்பெயர் கண்ணுசாமி. அரியணை ஏறும்போது வந்த பட்டப்பெயர்தான் ராஜசிங்கன். 1815இல் பிடிபட்டு, இங்கே கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் அதுவரை போகிறார்கள். வந்தால் அவசியம் போய்ப் பாருங்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மு.வ. என்ற எழுத்தாளர் மு. வரதராசன் எங்கள் பக்கத்துக்காரர், வேலம் அவருடைய குடும்பத்தின் ஊர். 1912இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் திருவேங்கடம். வரதராசன் என்பது அவருடைய தாத்தாவின் பெயர். அதுவே நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் இன்றும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் தாத்தா பெயர் என்று நடப்பதுதானே. வரதராஜன் என்ற பெயரில் செய்தி வாசிப்பாளரும் நாடக நடிகருமான டி.வி. வரதராஜன் இருக்கிறார், கணித மேதை வி.எஸ். வரதராஜன் இருந்தார். ஆனால் இங்கே முன்னெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘மு.வ.’ என்ற இரண்டெழுத்துக்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.

கடைசியாக ராதாகிருஷ்ணன். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த திருத்தணி அப்போது வடாற்காடு மாவட்டத்தில் இருந்தது. வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். 1952இல் நாட்டின் முதல் குடியரசுத் துணைத் தலைவர், 1962இல் குடியரசுத் தலைவர். இந்தப் பெயரில் அறிவியல் பக்கமும் இரண்டு பெரியவர்கள் உண்டு: சர் சி.வி. ராமனின் மகனும் பல்சார் (துடிக்கும் விண்மீன்) ஆராய்ச்சியாளருமான வி. ராதாகிருஷ்ணன், மங்கள்யான் செவ்வாயை எட்டியபோது இஸ்ரோ தலைவராக இருந்த கே. ராதாகிருஷ்ணன். 2025 செப்டம்பரில் திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவரானார். முதல் துணைத் தலைவரின் பெயரே மறுபடியும் அந்தப் பதவிக்கு வந்துவிட்டது. இதில் தற்செயல் பாதிதான். ஆசிரியையாக இருந்த அவருடைய தாயார், ஆசிரியராக இருந்து உயர்ந்த ராதாகிருஷ்ணனை நினைத்துத்தான் மகனுக்கு அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்லியிருக்கிறார்.