கடலில் மூழ்கிய நகரத்தின் கதைக்குப் படம் வரைவதென்றால் எந்தக் காட்சியை எடுப்பீர்கள்?

அலை பொங்கி வரும் காட்சியை எடுக்க மாட்டேன். ஒருமுறை எடுத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றுக்காக 'ஈஸ்' நகரத்தை வரையும் வேலை வந்தது. பிரான்சின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பிரிட்டனியின் கதை அது. அங்கே பேசப்படும் பிரெத்தோன் மொழியில் அந்த ஊருக்குப் பெயர் கேர்-ஈஸ், அதாவது தாழ்ந்த நகரம். துவார்னனே விரிகுடாவில், கடல் மட்டத்தைவிடத் தாழ்வாக, பெரிய கரை எழுப்பிக் கட்டிய ஊர். கரையில் ஒரு மதகு. அதன் சாவி அரசன் கிராத்லோனின் கழுத்தில். அவன் தூங்கும்போது மகள் தஹுத் சாவியை எடுத்துவிடுகிறாள். காதலன் கேட்டதால் எடுத்தாள் என்பார்கள் சிலர், சிவப்பு உடையில் வந்த அந்நியன் உருவில் சாத்தானே வந்து கேட்டான் என்பார்கள் சிலர். மதகு திறக்கிறது, ஊர் போய்விடுகிறது. அரசன் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குதிரையில் தப்பிக்கிறான். "அவளைத் தள்ளிவிடு" என்கிறார் கூடவே வரும் துறவி கெனொலே. அவன் தள்ளிவிடுகிறான். கடல் அதோடு நிற்கிறது.

முதலில் நான் போட்ட ஓவியங்களில் கூரான கோபுரங்கள், உயரமான கூர்வளைவு ஜன்னல்கள், பின்னால் மலைபோல ஓர் அலை. தொகுப்பாசிரியர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது எந்த நூற்றாண்டு?" கதை நடப்பதாகச் சொல்லப்படுவது 5ஆம் நூற்றாண்டில். பிரான்சில் கூர்வளைவு ஜன்னல் வந்ததே 12ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். அப்புறம் உட்கார்ந்து தேடினேன். துவார்னனே ஓரத்தில் பிளோமார்க் என்ற இடத்தில் ரோமானியர் காலத்து மீன் ஊறவைக்கும் கல்தொட்டிகள் இன்றும் இருக்கின்றன. மீனை உப்பில் ஊறவைத்து மீன்சாறு தயாரித்த பட்டறைகள். என் ஊருக்கு அங்கேதான் உயிர் வந்தது. அரைவட்ட வளைவுகள், செங்கல் வரிசை ஓடும் கற்சுவர்கள், ஓட்டுக்கூரை, தெருவில் உப்பும் மீனும். அரண்மனையைவிட அந்தத் தொட்டிகளை வரைவதில்தான் எனக்கு ஆசை அதிகமாக இருந்தது.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது. அந்தப் பக்கத்துக் கடலில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 6 மீட்டர் ஏறி இறங்கும். மூன்று ஆளுக்கு மேல் உயரம்! இது தெரிந்ததும் மதகின் வேலை புரிந்தது. வற்றத்தின்போது திறந்தால் ஊருக்குள் தேங்கிய நீர் வெளியே போகும். ஏற்றத்தில் மூடியே இருக்க வேண்டும். அதே கதவுதான், திறக்கும் நேரம்தான் உயிரா சாவா என்பதை முடிவு செய்கிறது. அதனால் ஒரு பக்கத்தை வெட்டுத் தோற்றமாக வரைந்தேன். நடுவில் சுவர். இடப்பக்கம் நிறைந்த கடல், வலப்பக்கம் தெரு. தெருவில் ஒரு பெண் மீன்கூடையோடு நடக்கிறாள், கடல்மட்டமோ அவள் வீட்டுக் கூரைக்கும் மேலே. சுவரின் வெளிப்புறத்தில் பாசி படிந்த பச்சைக்கோடு. அலையே இல்லை, ஆனால் பார்க்கிற குழந்தை அந்தக் கோட்டைத்தான் விரலால் தொடும்.

சரி, மகளைத் தள்ளிவிடும் காட்சி? 1884இல் லுமினே என்ற பிரெஞ்சு ஓவியர் அதைப் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டிவிட்டார், கெம்பேர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓடும் குதிரை, சரிந்து விழும் தஹுத், அருகே துறவி. அருமையான ஓவியம். ஆனாலும் அதையே திரும்ப வரைய எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஊரே அழிந்ததற்கான பழி முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழும் இடம் அது. ஊரைத் தாழ்வான இடத்தில் கட்டியவர்கள் மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எட்டு வயதுக் குழந்தை முதலில் பார்க்கும் தஹுத் கீழே விழுந்துகொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அதனால் நான் தேர்ந்தெடுத்தது சாவியை எடுக்கும் நொடி. அரசன் மல்லாந்து தூங்குகிறான். தாடிக்குள் புதைந்த சங்கிலி, அதை நோண்டி எடுக்கும் இரண்டு விரல்கள். அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதையும் காட்டவில்லை. அப்பா விழித்துவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்திருக்கும் மகளின் முகம் மட்டும்தான். நீர்வண்ணத்தில் போட்டேன். அறை முழுக்க கருநீலம். ஈரம் காய்வதற்குள் கல்லுப்பைத் தூவினால் அது நிறத்தை உறிஞ்சி, வெளிறிய பூப்பூவாகத் தடம் விடும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலுக்கு மட்டும் அப்படிச் செய்தேன். சாவியின் மேல் முதலிலேயே, வண்ணம் காகிதத்தில் படாமல் தடுக்கும் மறைப்புத் திரவம் தடவியிருந்தேன். எல்லாம் காய்ந்த பிறகு அதை விரலால் உரித்தபோது, அந்த இருட்டுக்குள் வெறும் காகித வெள்ளையாக சாவி மட்டும் தெரிந்தது.