மச்சு வீடு வாங்கும் முன் உத்திரத்தின் முனையைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எண்பது வயதான மச்சு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முற்றம், தேக்கு உத்திரம், மெட்ராஸ் டெரஸ் தளம் எல்லாம் பிடித்துவிட்டது. ஆனால் மாடியில் ஓர் அறையில் மட்டும் நடந்தால் தரை அதிர்கிறது. "பர்மா தேக்கு சார், நூறு வருஷம் அசையாது" என்கிறார் தரகர். அடுத்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: அட்வான்ஸைத் தள்ளிப்போடுங்கள். தேக்கு நல்ல மரம்தான், ஆனால் காய்ந்திருக்கும் வரைதான் அந்தப் பெருமை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். வைரம் பாய்ந்த பகுதி நெடுநாள் தாக்குப்பிடிக்கும். வெளிறிய புறமரம் சீக்கிரம் போய்விடும்.

மெட்ராஸ் டெரஸில் உத்திரத்தின் மேல் கட்டைகள், அதன் மேல் நெட்டுக்குத்தாக அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம். இவ்வளவு பாரமும் கடைசியில் வந்து இறங்குவது உத்திரம் சுவருக்குள் நுழையும் சில அங்குலத்தில். அங்கே காற்றோட்டம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. நடுவில் வார்னிஷ் பளபளக்கும் உத்திரம் சுவருக்குள் உளுத்துக் கிடக்கலாம். அதனால் நடுவைப் பார்த்து மயங்காமல் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, பழைய வீட்டு வேலை தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். அதிரும் அறைக்குக் கீழே ஏணி போட்டு, உத்திரம் சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்தச் சொல்லுங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும்; உளுத்தது அரை அங்குலம் உள்ளே வாங்கும். பிறகு சுத்தியலால் நெடுகத் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் இடம் தனியாகத் தெரிந்துவிடும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் முனைப் பக்கம் மட்டும் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள். அதற்குக்கூட மறுப்பவரிடம் வீடு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கரையான் மண்கோடு இருந்தால் சிறிது உடைத்துவிட்டு வாருங்கள். சில நாளில் மறுபடி கட்டியிருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது. மரத்தில் சிறு துளைகள் தெரிந்தால் அவற்றுக்குக் கீழே காகிதம் விரித்து வையுங்கள். புது மாவு உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது.

உத்திரம் கொஞ்சம் தொய்ந்திருப்பதாலேயே வீட்டை ஒதுக்க வேண்டாம். பாரம் தாங்கும் மரம் காலப்போக்கில் வளையும். ஆனால் 12 அடி உத்திரத்தின் அடியில் நூல் பிடித்துப் பார்க்கும்போது முக்கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்து, மேல்தளத்திலும் விரிசல் ஓடினால் கட்டாயம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் ஓர் அறை மட்டும் அதிர்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. அந்த அறையை ஒட்டிப் பிற்பாடு பாத்ரூம் கட்டியிருக்கிறார்களா? மேலே தண்ணீர் டேங்க் இருக்கிறதா? 1000 லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன். இன்றைய விதிப்படி வீட்டுத் தளத்துக்குக் கணக்கில் எடுக்கும் புழக்கப் பாரமே (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோதான். ஒழுகலை நிறுத்த மேலே 2 அங்குல சிமென்ட் கான்கிரீட் போட்டிருந்தால், 200 சதுர அடிக்கு இரண்டு டன்னுக்கு மேல் பாரம் கூடியிருக்கும்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரு என்றால் பக்கத்து வீட்டையும் பாருங்கள். பொதுச்சுவரில் இரண்டு பக்கத்து உத்திரங்களும் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டை இடித்திருந்தால், பூச்சில்லாத சுவர் மழையில் நனைந்து உங்கள் உத்திரத்தின் முனைக்கு ஈரம் கடத்தும்.

அப்புறம், நம் டெல்டாவின் களிமண். கோடையில் வறண்டு சுருங்கும், மழையில் ஊறி உப்பும்; சுவர் விரிசலும் அதோடு சேர்ந்து அகலும், ஒடுங்கும். வெயில் காலத்தில் ஒரு முறை பார்த்தது போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தடவை போக முடிந்தால் ஒழுகும் இடமும் தெரியும். காத்திருக்க வழியில்லையென்றால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

முனை மட்டும் போயிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஜாக்கி முட்டுக் கொடுத்து அந்த உத்திரத்தை மாற்றலாம், அல்லது இருபுறமும் இரும்புச் சேனல் ('ப' வடிவ இரும்புச் சட்டம்) வைத்து போல்ட் போடலாம். ஆனால் ஈரம் வரும் வழியை முதலில் அடைக்காவிட்டால் புது மரமும் போகும். இன்ஜினியரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் "அவருக்கு முன்பே தெரியும்" என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் கரையான், ஒழுகல், மாற்றிய உத்திரம் பற்றிய கேள்விகளை இப்போதே எழுதிக் கொடுத்துப் பதிலும் எழுத்தில் வாங்குங்கள். இன்ஜினியர் அறிக்கை பாதகமாக வந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரவேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள்.